நோயெமி எழுதிய எடை

நாய் பூனைகளுக்குச் சாப்பாடு எடுக்கிற அறையில் பன்னிரண்டு தீவன மூட்டைகள் இருந்தன. மூட்டை மேல் எல்லாம் இங்கிலீஷ். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு ஒன்று, குட்டிகளுக்கு ஒன்று, கிழட்டு நாய்க்கு ஒன்று. எழுத்து எனக்குப் பிடிபடாததால் படத்தைப் பார்த்து அடையாளம் வைத்திருந்தேன். ஒரு மாதம் தீவனக் கம்பெனிக்காரர்கள் படத்தை மாற்றிவிட்டார்கள். சிறுநீரகப் பூனைக்கு வேறு தீவனம் போய், அது இரண்டு நாள் வாந்தி எடுத்தது. கூப்பிட்டுக் கண்டித்தார்கள். கண்டித்ததில் தப்பில்லை.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு நிற நாடா சுற்றியிருந்தது. கூண்டுக் கதவுகளிலும் அதே நிறங்கள். சிவப்புக் கதவுக்குச் சிவப்பு மூட்டை, மஞ்சளுக்கு மஞ்சள். செய்தது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் படிக்க வராது என்பதை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டி வரும். பத்து நாள் கழித்து, அங்கே படிக்கிற நோயெமியின் பைக்குள் அந்த நாடாச் சுருள்களைப் பார்த்தேன். பால் பண்ணையில் மருந்து ஏறின மாட்டின் காலில் சுற்றுவார்களே, அந்த நாடா. அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, இன்றைக்குக் குளிர் அதிகம் என்று மட்டும் சொன்னாள்.

அமெரிக்காவில், எங்கள் யாக்கிமா பள்ளத்தாக்கின் சமுதாயக் கல்லூரி ஒன்றில், கால்நடை டெக்னீஷியன் படிப்புக்கென்று பின்பக்கம் ஒரு கட்டடம் உண்டு. அங்கே கூண்டு கழுவுகிற வேலை எனக்கு. கல்லூரி ஆள் இல்லை, துப்புரவுக் கம்பெனி ஆள். கழுவலாம், சாப்பாடு வைக்கலாம். மற்றபடி மிருகங்களைத் தொடக் கூடாது, காகிதங்களில் கை வைக்கக் கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அந்த வருஷம் இருபத்து நாலு பேர் படித்தார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த வெள்ளைக்காரப் பெண்கள். நோயெமி அரெயோலாவுக்கு முப்பத்து மூன்று வயது, வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். விடியுமுன்னே பால் பண்ணைக்குப் போய்க் கன்றுகளுக்குப் பால் ஊட்டிவிட்டு, ரப்பர் பூட்ஸைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, எட்டு மணி வகுப்புக்கு ஓடி வருவாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் சீம்பால் வாசனை தலைமுடியில் தங்கிவிடும். அவள் பக்கத்தில் உட்கார முதல் மாதம் சிலர் தயங்கினார்கள். எங்கள் ஸ்பானிஷ் பாஷை பேச அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன். அதனால் பத்து மணி இடைவேளையில் கூண்டுக்குப் பின்னால் இருக்கிற பெஞ்சில் என்னோடு வந்து உட்காருவாள். பீன்ஸ் மடித்த ரொட்டி கொண்டுவருவாள், பாதி எனக்கு. என்னைப் பெயர் சொல்லாமல், அம்மா என்கிற மாதிரி மரியாதையாகத் தோனியா என்பாள்.

எட்டு வயதில் மெக்ஸிகோவின் மிச்சோவாகானிலிருந்து வந்தவள். அப்பா பால் கறக்கிறவர். பதினேழு வயதில் அவளும் அதே பண்ணையில் கன்றுப் பகுதிக்குப் போனாள். கன்றின் வயிற்றுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து லேசாகத் தூக்கிப் பார்த்து எடை சொல்வாளாம். எண்பத்தேழு பவுண்டு என்பாள், மார்பைச் சுற்றி எடை நாடா வைத்து அளந்தால் எண்பத்தெட்டு இருக்கும். மேஸ்திரி எவரார்தோ மற்றப் பண்ணைக்காரர்களை அழைத்துவந்து பந்தயம் கட்டி, இவள் புண்ணியத்தில் வாரம் ஒரு பெட்டி சோடா ஜெயிப்பாராம். அவள் கல்லூரியில் சேர்ந்ததும் அதே எவரார்தோதான் முதலில் கேலி செய்தவர்.

"டாக்டரம்மா, என் முட்டி வலிக்கும் ஒரு ஊசி போட்டுவிடுங்க."

"போடலாம் மேஸ்திரி. உங்க எடைக்கு மாட்டு ஊசி பத்தாது, காளை ஊசிதான் வேணும்."

இதை அவள் எனக்குச் சொல்லிக் காட்டிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான்.

பண்ணையிலேயே நல்ல பெயர் இருக்கும்போது எதற்கு இந்தப் படிப்பு என்று ஒரு நாள் கேட்டேன். ரொட்டியை மடித்துத் தாளில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒரு குளிர்காலம் முப்பது கன்னு போச்சு தோனியா. பால்பவுடர்ல மருந்து தப்பாக் கலந்திருந்துச்சு. லாரி வந்துச்சு, அள்ளிக்கிட்டுப் போச்சு. யாரு கலந்தது, என்ன கலந்ததுன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. கேட்டிருந்தா நான்தான்னு சொல்லியிருப்பேன். நான் இல்லேன்னாலும் சொல்லியிருப்பேன். கேக்கவே இல்ல."

இங்கே கேட்பார்கள் என்றுதான் வந்திருக்கிறாள். அது உண்மைதான். பாடம் நடத்துகிற டாக்டர் ஃபென்விக் அம்மா முதல் நாளிலேயே சொல்லிவிடுவார்கள். மிருகத்தின் தாளில் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் உன் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போடு. எழுத்தைப் போட்டால் அந்த எண்ணை உன் கண் பார்த்தது என்று அர்த்தம். பார்க்காத எண்ணுக்கு எழுத்துப் போட்டவர்கள் இங்கே படிக்க வேண்டாம். ஆறு வருஷமாகக் கூண்டு கழுவிக்கொண்டே இதைக் கேட்டிருக்கிறேன். எனக்கே மனப்பாடம்.

மனப்பாடமாக இருந்தும் நான் செய்தது இது.

பிப்ரவரியில் பண்ணையில் ஈற்று அதிகம். இரண்டு பேர் வேலையை விட்டுப் போக, நோயெமிக்குக் காலை வேலை நீண்டது. வகுப்புக்கு முன்னால் அவரவர் நாயை எடை போட்டுத் தாளில் எழுதியிருக்க வேண்டும். ஒரு நாள் எட்டடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது மூச்சு வாங்க வந்து நின்றாள். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் ஏற்கனவே அவள் நாயை எடை மெஷினில் ஏற்றி, கூண்டுக் கதவில் தொங்குகிற அட்டையில் எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அந்த நாயைத் திரும்ப ஏற்றிச் சரிபார்த்த பிறகுதான் தாளில் எழுதினாள். அடுத்த தடவையும் சரிபார்த்தாள். மூன்றாம் தடவை சரிபார்க்கவில்லை. எண் சரியாகத்தான் இருந்தது.

நான்காம் தடவை அந்த வெள்ளை நாய்.

மலைப்பக்கம் ஆட்டுக் கிடைகளுக்குக் காவல் இருக்கிற பெரிய ஜாதி. எந்தக் கிடையிலிருந்து தப்பியதோ, நெடுஞ்சாலை ஓரம் திரிந்ததைப் பிடித்துக் காப்பகத்தில் கொடுத்திருந்தார்கள். காப்பகத்திலிருந்து நாய்கள் எங்களிடம் வரும், மாணவிகள் டாக்டருக்குத் துணை நின்று கருத்தடை ஆபரேஷன் முடித்துத் திருப்பி அனுப்புவார்கள். இது வந்தது முந்தின நாள் சாயங்காலம். உடம்பெல்லாம் முடி சடை பிடித்துத் திரண்டு, கரடி மாதிரி இருந்தது. நோயெமி அதற்கு நியேவே என்று பெயர் வைத்தாள், பனி என்று. காலையில் நான் மெஷினில் ஏற்றினேன். நாற்பத்தாறு என்று காட்டியது. எழுதினேன். அந்த மெஷின் எப்போதும் கிலோவில்தான் காட்டும். ஆனால் கிலோவையும் பவுண்டையும் மாற்றுகிற பொத்தான் ஒன்று பக்கவாட்டில் இருக்கிறது. ஈரத் துணியால் துடைக்கும்போது அதை அழுத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்கு எண்தான் கண்ணில் பட்டிருக்கும்.

நோயெமி எட்டு மணிக்கு ஓடிவந்தாள். அட்டையில் நாற்பத்தாறு. நாயைப் பார்த்தாள், கரடி மாதிரி நிற்கிறது. தாளில் நாற்பத்தாறு கிலோ என்று எழுதிப் பக்கத்தில் தன் இரண்டு எழுத்தைப் போட்டாள்.

அவளோடு ஜோடி சேர்ந்தவள் பிரின் என்ற பெண், பத்தொன்பது வயது. மயக்க மருந்தின் அளவைப் பிரின் கணக்குப் போட்டாள், நோயெமி சரிபார்த்தாள், டாக்டர் அம்மா ஒப்புக்கொண்டார். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஊசி போட்டார்கள். பத்து நிமிஷத்தில் நாய் சாய்ந்தது. நான் வெளியே நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவில் கண்ணாடி உண்டு.

முன்னங்காலில் நரம்பு தேடுவதற்காக நோயெமி முடியை மழிக்கத் தொடங்கினாள். கொத்துக் கொத்தாக முடி விழுந்தது. உள்ளே இருந்த கால் விறகுக் குச்சி மாதிரி இருந்தது. அவள் மழிக்கிற மெஷினை நிறுத்திவிட்டாள். முடிக்குள் கையை விட்டு விலா எலும்பைத் தடவிப் பார்த்தாள். அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

"டாக்டர், இது நாப்பத்தாறு கிலோ இல்ல. பாதிகூட இருக்காது."

டாக்டர் ஃபென்விக் அம்மா உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், வெளுத்திருந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். மயக்கத்தை முறிக்கிற மாற்று மருந்து கேட்டார். அதற்கு ஒரு பெண் ஓடினாள், ஆக்ஸிஜன் முகமூடிக்கு இன்னொருத்தி ஓடினாள். நான் துடைப்பத்தைப் பிடித்தபடியே அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை சொன்னேனோ தெரியாது. நாயைத் தூக்கி எடை மெஷினில் போட்டபோது அது மறுபடி நாற்பத்தாறு என்றது. டாக்டர் அம்மா குனிந்து பார்த்துப் பொத்தானை அழுத்தினார். இருபத்தொன்று.

நோயெமி தரையில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிஷத்துக்கு நாலு, ஐந்து, மறுபடி நாலு. மத்தியானத்துக்குச் சற்று முன் நாய் தலையைத் தூக்கி அவள் முழங்கையை நக்கியது. அவள் அழவில்லை. பிரின்தான் சுவரோரம் நின்று அழுதாள்.

அன்றைக்குச் சாயங்காலமே டாக்டர் அம்மாவின் அறையில் விசாரணை. கதவு திறந்தே இருந்தது, நான் குப்பைக் கூடை எடுக்கப் போயிருந்தேன். நீ எடை போட்டாயா என்று கேட்டார். இல்லை என்றாள். எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அட்டையில் இருந்தது என்றாள். அட்டையில் எழுதியது பிரினா என்று கேட்டார். இல்லை, பிரினுக்கு ஒன்றும் தெரியாது என்றாள். பிறகு யார் என்று கேட்டார்.

"அத நான் சொல்ல மாட்டேன் டாக்டர். பக்கத்துல இருக்கறது என் எழுத்து. என்னைக் கேளுங்க."

நான் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். உள்ளே போயிருக்க வேண்டும், போகவில்லை. இந்த வேலை போனால் என் வயதில், என் படிப்பில் வேறு என்ன கிடைக்கும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

அடுத்த வியாழக்கிழமை கல்லூரியின் ஒழுங்குக் குழு கூடும், அதுவரை நோயெமி ஆய்வுக்கூடத்துக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பார்க்காமல் எண்ணை எழுதியவளுக்குத் தண்டனை ஒரு மாதிரி, இன்னொருவரை மறைக்கிறவளுக்கு இன்னொரு மாதிரி. படிப்பை விட்டே நிரந்தரமாக நீக்கலாம் என்று மாணவிகள் பேசிக்கொண்டார்கள். பிரின்தான் எழுதியிருப்பாள் என்றும் சிலர் பேசினார்கள். அந்தப் பெண் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பங்குச் சாமியார் கடைசி வரை கேட்டார். பிறகு, ஆண்டவர் கேட்டுவிட்டார் எலோடியா, அந்த டாக்டர் அம்மா இன்னும் கேட்கவில்லையே என்றார். அபராதமாகச் செபம் ஒன்றும் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

திங்கட்கிழமை காலை டாக்டர் அம்மாவின் அறைக் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அட்டையில் எழுதினது நான், பொத்தானை அமுக்கினதும் நானாகத்தான் இருக்கும், நாலு தடவை செய்திருக்கிறேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, நீ நல்லது செய்வதாக நினைத்திருப்பாய் என்றார். இதைக் குழுவிடம் சொல்லியே ஆக வேண்டும், உன் கம்பெனிக்கும் எழுதியே ஆக வேண்டும் என்றார். நோயெமி தப்பிப்பாளா என்று கேட்டேன். அவள் மறைத்தது எதற்கு என்று இப்போது தெரிகிறது, அதற்கான தண்டனை குறையும் என்றார். ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது அவள் எழுத்துதானே, அதை நான் அழிக்க முடியாது என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை தீர்ப்பு வந்தது. நிரந்தர நீக்கம் இல்லை. ஆனால் இந்த வருஷம் அவ்வளவுதான். பார்க்காத எடையை எழுதியதற்காக நிறுத்தப்பட்டவள் என்று அவள் கல்லூரிப் பதிவேட்டில் ஏறும். அடுத்த இலையுதிர் காலத்தில் வேண்டுமானால் முதலிலிருந்து மறுபடி சேரலாம். என்னை உடற்பயிற்சிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. அங்கே கழுவ மிருகங்கள் இல்லை, வேர்வை நாறும் பாய்கள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காசு போட்டுத் துணி துவைக்கிற கடையில் நோயெமியைப் பார்த்தேன். குழந்தைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். பூசை முடிந்து நேராக வந்திருந்தேன், தலையில் முக்காடுகூட எடுக்கவில்லை. அவள் மெஷினில் துணியைத் திணித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"யாரு உங்களைச் சொல்லச் சொன்னது?"

மனசாட்சி கேட்கவில்லை, ஆண்டவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று ஏதோ சொன்னேன்.

"ஆண்டவருக்கென்ன தோனியா. அவரை யாரும் கட்டடம் மாத்த மாட்டாங்க."

"கோவிச்சுக்கிட்டியா கண்ணு?"

"உங்க மேல இல்ல. நீங்க எழுதுனது பென்சில். நான் எழுதுனது பேனா." மெஷின் கதவை அடித்துச் சாத்தினாள். "பதினாறு வருஷம் கன்னுங்களத் தூக்கியிருக்கேன். அந்த நாய் மேல ஒரு தடவை கை வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். நேரமில்லன்னு வைக்கல. பண்ணையில கேக்கலன்னு குறைப்பட்டுக்கிட்டு வந்தேன். இங்க கேட்டாங்க. கேட்டது வலிக்குதுன்னு இப்ப யார்கிட்ட போய் அழறது?"

அவளுக்குக் காசு மாற்றிக் கொடுத்தேன், துணி சுற்றி முடிகிறவரை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

நியேவே பத்து நாளில் காப்பகத்துக்குத் திரும்பியது. முடியெல்லாம் மழித்த பிறகு ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது என்று பிரின் சொன்னாள். மலைப்பக்கத்தில் யாரோ கொண்டுபோனார்களாம். நோயெமி மறுபடி முழு நேரமாகக் கன்றுகளிடம் போனாள். எவரார்தோ டாக்டரம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாராம், அதுதான் கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது என்றாள். இலையுதிர் காலம் வரை பொறுத்துத் திரும்பச் சேரலாம் என்று நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பொறுக்க வீட்டில் வழி இல்லை. கணவன் பிதென்சியோவுக்குப் பக்கத்து மாநிலமான ஐடஹோவில் பெரிய பண்ணை ஒன்றில் தீவன லாரி ஓட்டுகிற வேலை கிடைத்திருந்தது, வீடும் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கிளம்புவதாக முடிவாயிற்று.

ஜூனில் ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாடகை லாரியில் கட்டில், மேஜை எல்லாம் ஏற்றியிருந்தார்கள். பிதென்சியோ கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான், எனக்குத் தலையை ஆட்டினானே தவிரப் பேசவில்லை. அவன் மனைவியின் படிப்புக்கு நானும் ஒரு கை வைத்தவள், பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. குழந்தைகளுக்குக் கழுத்தில் போடக் குவாதலூப்பே மாதா பதக்கம் இரண்டு கொண்டுபோயிருந்தேன். நோயெமி வாங்கி அங்கேயே மாட்டிவிட்டாள். ஐடஹோவில் அவர்கள் போகிற ஊருக்கு அரை மணி தூரத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் இதே படிப்பு இருக்கிறது என்றாள். விண்ணப்பத்தைத் தபாலில் போட்டாயிற்றாம். போன வாரம் போட்டது, பதில் ஆகஸ்டில்தான் வரும். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது, பிதென்சியோவின் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏறுவதற்கு முன்னால் சொன்னாள்:

"அந்த விண்ணப்பத்துல ஒரு கேள்வி இருந்துச்சு தோனியா. வேற காலேஜுல இருந்து எப்பவாவது நிறுத்தியிருக்காங்களான்னு. இல்லன்னு போட்டுடு, யாரு தேடப் போறாங்கன்னாரு இவரு. ஆமான்னு போட்டேன். காரணம் எழுத நாலு வரி விட்டிருந்தாங்க. எடை போடாத நாய்க்கு எடை எழுதினேன்னு ஒரே வரி எழுதினேன், மிச்சம் மூணையும் சும்மா விட்டுட்டேன். எடுத்துக்குவாங்களோ மாட்டாங்களோ தெரியல. எனக்காக வேண்டிக்கோங்க. ஆனா இந்தத் தடவை வேண்டிக்கிறதோட நிறுத்திக்கோங்க."